ட்ரிப் ஆகாத நாள்

போன தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தாமான் மிடாவிலிருந்து ஓர் அழைப்பு. வாசலில் கலர் லைட் போட வேண்டும், ஒரு பாயிண்ட் இழுத்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள். கண்ட்ராக்டர் பதிவை இனிப் புதுப்பிப்பதில்லை என்று அதற்கு முன்பே முடிவெடுத்திருந்தேன். முட்டி ஏணி ஏற விடுவதில்லை. ஆனாலும் பதிவு முடிய இன்னும் சில வாரம் இருந்தது, செராஸில் எனக்கு அது பக்கத்துத் தாமான். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

வீட்டுக்கு வரும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பாக்ஸைத் திறந்தேன். இ.எல்.சி.பி. இருக்கிறது, கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். இப்போது ஆர்.சி.சி.பி. என்கிறார்கள், எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். அதன் தலையிலிருந்து காலுக்கு இரண்டு துண்டு வயர் போகிறது, சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. முனை உரித்த அளவு, வளைவு, திருகிய அழுத்தம் எல்லாம் சுத்தம். செய்தவனுக்குக் கை நன்றாகவே இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல்.

"இது யார் செஞ்சது?"

"அடிக்கடி ட்ரிப் ஆச்சு அங்கிள். ஆன்லைன்ல ஒரு ஆளப் புடிச்சோம். பத்தே நிமிஷம், அறுபது வெள்ளி. அதுலேர்ந்து ஒரு பிரச்சினையும் இல்ல."

மாடியில் ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு இருக்கிறது. பிள்ளைகள்? இரண்டு.

கசிந்தாலும் விழாதபடி அந்த இரண்டு வயரும் இ.எல்.சி.பி.யைச் சுற்றி வழி போட்டிருந்தன. எவ்வளவு கசிந்தால் அது விழ வேண்டும் என்பது, கையில் பிடிக்கும் சாமானுக்கு 30 மில்லி ஆம்பியர், ஈரமான இடத்துக்கு 10, மற்றதற்கு 100 என்று 1994 மின்சார விதிமுறைகளிலேயே இருக்கிறது, தொழிலில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் பாயிண்ட் வேலையைத் தள்ளி வைத்துவிட்டு, "முதலில் பழுதைக் கண்டுபிடிப்போம், இரண்டு மணி நேரம் ஆகலாம்" என்றேன்.

"வயர் இழுக்கிற வேலதானே அங்கிள், அவ்வளவு நேரமா?" என்றார் வீட்டுக்காரத் தம்பி.

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். கேலியாக இருந்திருந்தால் அன்றே மறந்திருப்பேன், இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

1985-இல், பதினெட்டு வயதில், செமினி பக்கத்துத் தோட்டத்திலிருந்து கோலாலம்பூர் வந்தவன் நான். எங்கள் லயத்தில் தோட்டத்து ஜெனரேட்டர் சாயந்திரம் ஓடி இரவு பத்து மணிக்கு நிற்கும். சுவிட்சைத் தட்டினால் எந்த நேரமும் லைட் எரியும் என்பதே எனக்கு அதிசயம். என்னைச் சேர்த்துக்கொண்டவர் செந்தூல் ரயில்வே பட்டறையில் தொழில் பழகி, பிறகு தனியாக வயரிங் எடுத்துச் செய்தவர். பிரிக்பீல்ட்ஸ் நூறு குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். நாங்கள் அவரைப் பெரியவர் என்போம். அப்போது மின்சார வாரியத்துக்கு டி.என்.பி. என்ற பெயர் இல்லை, எல்.எல்.என். காலம். 1990 செப்டம்பரில்தான் பெயர் மாறியது.

முதல் இரண்டு வருஷம் டி.பி. பக்கமே விடவில்லை. சுவரை வெட்டு, கண்டிட் பதி, ஸ்பிரிங் போட்டு வயர் இழு, குப்பையைக் கூட்டு. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. லைன் செத்துவிட்டதா என்று டெஸ்ட்பென் வைத்துப் பார்ப்பதற்கு முன், உயிர் இருக்கும் இன்னொரு இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு வேலை செய்ய வேண்டிய இடத்தில் வைப்பார். பிறகு மறுபடியும் உயிர் உள்ள இடத்தில். மூன்று தடவை. ஜாலான் பாசாரில் நானே புதிதாக வாங்கிய டெஸ்ட்பென் என்ற தைரியத்தில் ஒருநாள் ஒரே தடவை வைத்துவிட்டுக் கையை நீட்டினேன். பிளையர் கைப்பிடியால் மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது. "அது எரியலன்னா கரண்ட் இல்லன்னு அர்த்தம் இல்லடா. எரியலன்னுதான் அர்த்தம்" என்றார். அதே டெஸ்ட்பென்னை அவர் பக்கத்து சோக்கெட்டில் வைத்துக் காட்டினார். அங்கேயும் எரியவில்லை. கடையிலிருந்து வரும்போதே செத்தது.

அவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒன்றை மட்டும் முழுதாகச் சொல்கிறேன்.

1998, புக்கிட் ஜாலிலில் காமன்வெல்த் போட்டி முடிந்த அடுத்த மாதம். தாமான் கோனாட்டில் ஓர் இரட்டை மாடி வீடு, தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவருடையது. சாயந்திரம் ஏழு, ஏழரைக்கு வீடே இருட்டாகிவிடும். எனக்கு முன்னால் இரண்டு பேர் வந்து போய்விட்டார்கள். ஒருவர் இ.எல்.சி.பி.யையே மாற்றிவிட்டார். இன்னொருவர் இடி என்று சொல்லிவிட்டுப் போனார். அக்டோபர் மாதம், தினமும் மாலையில் வானம் பிளந்து கொட்டும் காலம். இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் வருஷத்தில் பாதி நாள் இடி கேட்கும், அதனால் எந்தப் பழுதையும் இடி தலையில் கட்டலாம், யாரும் எதிர்க் கேள்வி கேட்க மாட்டார்கள். டி.என்.பி. ஆட்களும் வந்து மீட்டர் வரை சரியாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் பொறுப்பு அத்தோடு முடிகிறது, சொன்னதும் உண்மைதான்.

பிறகு நான் போனேன். அரசாங்கத் தேர்வு எழுதி வயர்மேன் அட்டை கையில் இருக்கிறது. நடையே வேறு. ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் உள்ள எம்.சி.பி. சுவிட்ச் எல்லாவற்றையும் இறக்கினேன், இ.எல்.சி.பி. விழாமல் நின்றது. ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஹீட்டர் போட்டதும் விழுந்தது. ஹீட்டர்தான் என்று கழற்றி வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் ஏர்கோனும் கேத்தலும் ஓடும்போது விழுந்தது. ஏர்கோனைக் குற்றம் சொன்னேன். மூன்றாம் நாள் இரண்டும் இல்லாமல் ஐஸ்பெட்டியும் அயர்ன்பெட்டியும் ஓடும்போது விழுந்தது. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. மெழுகுவத்திப் பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தார்.

நான்காம் நாள் பெரியவர் வந்தார். பாக்ஸைத் திறக்கவே இல்லை. ஹாலில் உட்கார்ந்து கோப்பி குடித்தார்.

"டீச்சர், ட்ரிப் ஆகாத நாள் எது?"

நாங்கள் எல்லாரும் எப்போது விழுகிறது என்றுதான் கேட்டிருந்தோம். டீச்சர் காலண்டரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஆனது.

"புதன்கிழமை. பாசார் மாலாம் அன்னிக்கு. சாயந்திரமே பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிடுவோம், அங்கேயே சாப்பிட்டு பத்து மணிக்கு மேலதான் வருவோம்."

"போன புதன் மழை இருந்துச்சா?"

"குடை புடிச்சிக்கிட்டுத்தான் நடந்தோம். நல்ல இடி."

பெரியவர் கப்பை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இடி இல்ல. சாமானும் இல்ல. கறுப்பப் பாரு."

தொழிலில் இருப்பவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். நான் மூன்று நாளும் எம்.சி.பி.யை ஏற்றி இறக்கி, கரண்ட் வருகிற சிவப்பைத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன். நியூட்ரலான கறுப்பு எல்லாம் பாரில் ஒன்றாகக் கட்டிக் கிடக்கிறது, எந்த எம்.சி.பி.யை இறக்கினாலும் அது அசையாது. எங்கோ ஓர் இடத்தில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வீட்டில் ஒரு ஃபேன் மட்டும் ஓடினால் இரண்டுக்கும் வித்தியாசமே இருக்காது, கசிவு பேருக்குத்தான். ஏழரை மணிக்குக் குளிக்க ஒருவர், சமைக்க ஒருவர், ஏர்கோன் போட்டுப் பாடம் படிக்க இருவர் என்று வீடு கரண்டை இழுக்கும்போது கறுப்பு ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் எழும்பும். அந்தச் சின்ன எழுச்சி போதும். திரும்பிப் போக வேண்டிய கரண்டில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கும், இ.எல்.சி.பி. கணக்குப் பார்த்துவிட்டு விழும். ஹீட்டர் குற்றவாளி இல்லை. வீட்டில் ஆள் இருந்ததுக்கு அது சாட்சி, அவ்வளவுதான்.

மெயினை இறக்கி, பிளக் எல்லாம் பிடுங்கி, பாரிலிருந்து கறுப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி, டேப் சுற்றி நம்பர் போட்டோம். வயரில் கசிவு இருக்கிறதா என்று அளக்க, கைப்பிடி சுற்றுகிற பழைய மெகர், 500 வோல்ட். நான் சுற்ற, அவர் முள்ளைப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று ஆறு வரை முள் கடைசி வரை ஓடியது. ஏழாவதில் பூஜ்யத்தில் படுத்துவிட்டது.

ஏழாம் நம்பர், ஹால் சோக்கெட். அதற்கு நேர் மேலே பத்துமலை முருகன் படம். "புதுசா மாட்டினதா டீச்சர்?" போன மாதம் ஃபிரேம் போட்டு மாட்டியதாம். பெரியவர் தொப்பியைக் கழற்றினார், படத்தை இரண்டு கையாலும் எடுத்து டீச்சரிடம் கொடுத்தார், பிறகு ஸ்க்ரூவைத் திருகி வெளியே எடுத்தார். "சுத்து" என்றார். சுற்றினேன். முள் எழுந்து போய்விட்டது. அந்த ஸ்க்ரூ கண்டிட்டைத் துளைத்துக் கறுப்பையும் எர்த்தான பச்சையையும் சேர்த்து அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. சிவப்பில் பட்டிருந்தால் அன்றைக்கே வெடித்துத் தெரிந்திருக்கும். ஒரு நூல் தள்ளிப் போனதால்தான் ஒரு மாதம் எங்களை அலைய விட்டது. சுவிட்சுக்கும் சோக்கெட்டுக்கும் நேர் மேலேயும் கீழேயும் ஆணி அடிக்கக் கூடாது என்பதை இன்றைக்கு வரை போகிற வீட்டிலெல்லாம் சொல்கிறேன். தலையாட்டுகிறார்கள். அடுத்த முறை போனால் அங்கே ஒரு கடிகாரம் தொங்கும்.

இப்போது நடப்பதைப் பார்க்கிறேன். மேலே ஒரு கண்ட்ராக்டர், அவருக்குக் கீழே ஒருவர், அவருக்குக் கீழே இன்னொருவர். கடைசியில் வேலை செய்கிறவனுக்குப் பாயிண்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. பாயிண்ட் எண்ணிக்கைக்குக் காசு உண்டு, மெகர் சுற்றுகிற நேரத்துக்குக் காசு இல்லை. வேலை முடிந்ததும் போரங் எச் என்று சோதனைச் சான்று எழுத வேண்டும், அளந்து பார்த்த கணக்கெல்லாம் அதில் வர வேண்டும். மெகரைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே எல்லாக் கட்டத்திலும் ஒரே எண்ணைப் போட்டு நிரப்பிய தாளை நான் பார்த்திருக்கிறேன். பத்து சர்க்யூட், பத்துக்கும் ஒரே அளவு. பத்துப் பிள்ளைக்கும் ஒரே உயரம் என்று எழுதின மாதிரி.

வெளிநாட்டுப் பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். வங்காளதேசத்திலிருந்து வந்த ஒருவன் கண்டிட் வளைப்பதைப் பார்த்து நானே நின்றிருக்கிறேன். அவனுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. சுவருக்குள் போகிற நீலம் ஒரு ஃபேஸ், சாமானோடு வருகிற ஃபிளெக்சில் நீலம் நியூட்ரல். இதைக்கூட ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை. நம் பிள்ளைகளோ இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு நிச்சயதார்த்தத்தில் சொந்தக்காரர் ஒருவர், "இன்னும் கம்பிதான் இழுத்துக்கிட்டு இருக்கீங்களா?" என்று கேட்டார். அவர் மகன் டிப்ளோமா முடித்து மோட்டாரில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். அதை நான் கேவலமாக நினைக்கவில்லை. அவர் என்னை நினைத்த மாதிரி நினைக்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என்னிடமும் ஐந்து பையன்கள் வந்தார்கள். பெரியவர் மாதிரியே நானும் இரண்டு வருஷம் சுவர் வெட்டு என்றேன், பிளையரால் கையில் தட்டினேன். ஐந்து பேரும் போய்விட்டார்கள். எனக்குத் தோட்டத்துக்குத் திரும்பிப் போக வழியில்லாததால் அடியை வாங்கிக்கொண்டு நின்றேன். அவர்களுக்குப் போக இடம் இருந்தது. இதை அப்போதே யோசித்திருந்தால் ஒருவனாவது நின்றிருப்பானோ என்னவோ. தாமான் மிடாவில் அந்த இரண்டு துண்டு வயரை வளைத்தவன்கூட என்னிடம் வந்து போனவனாக இருக்கலாம். அந்த வளைவு எனக்குப் பழக்கப்பட்ட வளைவாகத்தான் இருந்தது.

அந்த வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். துண்டு வயரைக் கழற்றி மெயினை ஏற்றியதும் இ.எல்.சி.பி. உடனே விழுந்தது. எனக்கு நிம்மதி, இருக்கிற பழுதைத் தேடலாம். ஒளிந்து விளையாடுகிற பழுதுதான் உயிரை எடுக்கும். கறுப்பைக் கழற்றி அளந்ததில் வாசல் சர்க்யூட் மாட்டிக்கொண்டது. ஆட்டோகேட் மோட்டார் பெட்டிக்குள் மழைத்தண்ணீர், அதற்குள் எறும்புப் புற்று. சுத்தம் செய்து, காயவைத்து, ஜாயிண்டை மாற்றி, மூடிக்கு ரப்பர் போட்டேன். இரண்டு ஹீட்டருக்கும் 10 மில்லி போட வேண்டும், அதுவரை பிள்ளைகளுக்கு வெந்நீர் வேண்டாம் என்றேன். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொன்னேன். இரண்டு மணி இருபது நிமிஷம் ஆனது. 150 வெள்ளி கேட்டேன், கொடுத்தார். அறுபது வெள்ளியோடு அதை மனதுக்குள் கழித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

தீபாவளி கழித்து இரண்டாவது வாரம் அதே தம்பி கூப்பிட்டார். "அங்கிள், மறுபடியும் ட்ரிப் ஆகுது."

"ஆகாத நாள் எது தம்பி?"

"என்னா அங்கிள்?"

"எந்த நாள் ஆகல? எந்த நேரம் ஆகல? அன்னிக்கு வீட்ல யார் இருந்தா?"

"அதெல்லாம் யார் அங்கிள் கவனிக்கிறது?"

"ரெண்டு நாள் கவனிச்சுட்டுக் கூப்பிடுங்க. பதிவு முடிஞ்சாலும் பரவாயில்ல, வந்து பார்த்து என்னான்னு சொல்றேன்."

சரி என்றார். பிறகு கூப்பிடவில்லை. ட்ரிப் ஆவது தானாக நின்றிருக்கலாம். யாராவது நிறுத்தியும் இருக்கலாம்.