பக்கப்பட்டையும் அகரவரிசையும்

முற்காலத்தில் நிகண்டு கற்றோர் அதனை மனப்பாடம் செய்தே கற்றனர். திவாகரத்தின் பன்னிரண்டு தொகுதிகள் தெய்வப் பெயரில் தொடங்கி, மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வழியே செல்வன. நூல் நெஞ்சில் நின்றவனுக்கு எச்சொல் எங்குள்ளது என்று தேட வேண்டுவதில்லை. 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியோ நிகண்டினை மனனம் செய்யாதவனுக்கும் சொல்லைக் காட்டிக் கொடுத்தது.

தமிழ்ப்பள்ளிகளின் அகப்பக்கங்களில் இவ்வேறுபாடு இன்று மீண்டும் தலைகாட்டுகிறது. புக்கிட் ரோத்தான் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாயின. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல கோலசிலாங்கூருக்கும் கிள்ளானுக்கும் பெயர்ந்தன. முன்பு பள்ளி வாசலில் வந்து கேட்ட பெற்றோர் இப்போது கைப்பேசியில் தேடுகின்றனர். அங்கே அவர்களுக்கு வழிகாட்டுவது பக்கப்பட்டை. அதில் தலைமையாசிரியர் உரை, பள்ளி வரலாறு, நிருவாகக் குழு எல்லாம் முறையே நிற்கும். முதலாம் ஆண்டுப் பதிவு கடைசியில் ஒளிந்திருக்கும். தலைமையாசிரியர் உரையைப் படிக்கவென்று இரவு பத்து மணிக்கு எந்தத் தாயும் கைப்பேசியைத் திறப்பதில்லை. பதிவு பற்றிய பக்கம் அகப்படாவிடின், அருகிலுள்ள வேறு பள்ளிக்குப் பிள்ளை போய்விடக்கூடும். மாணவர் எண்ணிக்கை குறைந்த தோட்டப்பள்ளிக்கு ஒரு பிள்ளையும் பெரிது.

இவ்வடுக்கினைத் திருத்தும் கருவி கையிலேயே இருக்கிறது. 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் மென்பொருளில் பக்கப்பட்டையை ஒழுங்கு செய்ய 2006இல் ஒரு செருகி வந்தது. மறு ஆண்டே அது மென்பொருளின் உறுப்பாயிற்று. ஒவ்வொரு பக்கத்திற்கும் தாய்ப் பக்கம் இன்னதென்றும் வரிசை எண் இன்னதென்றும் குறிக்கலாம். எண்ணை எழுதாமல் சுட்டியால் இழுத்து அடுக்கச் செய்யும் செருகிகளும் உண்டு.

எண் இடாமல் விட்டால் தலைப்பின் எழுத்து வரிசையே நிற்கும். தமிழாசிரியர் இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். ஒருங்குறியில் புள்ளிக்குரிய எண் உயிர்க்குறிகள் அனைத்திற்கும் பிற்பட்டது. ஆகவே குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் ‘படிவங்கள்’ முன்னும் ‘பட்டமளிப்பு’ பின்னும் வரும். நம் அகராதி மரபில் ‘ட்’ முந்தியது, ‘டி’ பிந்தியது. பட்டமளிப்பே முதலில் நிற்க வேண்டும். ளகர ழகரங்களும் அவ்வாறே வகரத்திற்கு முன் ஏறிக்கொள்ளும். தமிழ் வரிசைமுறை அறிந்த மென்பொருளில் இப்பிழை நேராது. நேராவிடினும் என்ன? ‘முதலாம் ஆண்டுப் பதிவு’ அகரவரிசைப்படி மகரத்திற்குத்தான் போகும்.

எனவே எண் இடுவதே தக்கது. பதிவுக்கு 10, பள்ளிப் பேருந்துக்கு 20, விடுமுறை நாள்களுக்கு 30 எனப் பத்துப் பத்தாக இட்டால், பின்னர் வரும் பக்கத்தை இடையில் நுழைக்கலாம். வரலாறு, உரை, குழு மூன்றும் ‘பள்ளியைப் பற்றி’ என்ற ஒரு தாய்ப் பக்கத்தின் கீழ் அடங்கும். கைப்பேசியின் குறுகிய திரையிலோ பக்கப்பட்டை பெரும்பாலும் பக்கத்தின் அடியில் போய் விழும். பதிவுக்கான இணைப்பை முதற்பக்கத்தின் நடுவிலும் ஒருமுறை வைத்தல் நலம்.

அகப்பக்கத்தை அமைத்த ஆசிரியர் மாற்றலாகிச் செல்வது பள்ளிகளில் வழக்கம். எண்களின் பட்டியலும் செருகியின் பெயரும் அலுவலகக் குறிப்பேட்டில் இருந்தால், அடுத்து வருபவர் அவ்வடுக்கை மீண்டும் தொடங்க வேண்டியதில்லை.