ஓ, யூ, ஜி, எச் – நான்கு எழுத்துகள் எனக்குக் கற்பித்த பாடம்



ஆங்கிலத்தில் ஓ, யூ, ஜி, எச் என்னும் நான்கு எழுத்துகள் சேர்ந்து வரும் சொற்கள் பல உண்டு. எழுத்து ஒன்றுதான், ஒலியோ சொல்லுக்குச் சொல் மாறும். அந்நான்கு எழுத்துகளால் என் வகுப்பில் ஒரு மாணவன் வாயடைத்துப்போன கதையை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதில் தவறு செய்தவள் நான்தான்.

அது 2006ஆம் ஆண்டு. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்ற கொள்கை 2003இல் நடைமுறைக்கு வந்திருந்தது. (2009இல் அரசாங்கம் அதனைக் கைவிடுவதாக அறிவித்தது நீங்கள் அறிந்ததே.) ஆங்கிலம் வராவிட்டால் பிள்ளையின் எதிர்காலமே இருண்டுவிடும் என்ற அச்சம் அன்று பெற்றோரிடையே பரவியிருந்தது. தமிழ்மொழி ஆசிரியையான எனக்கு ஆள் பற்றாக்குறையால் நான்காம் ஆண்டு ஆங்கிலப் பாடமும் அவ்வாண்டு கொடுக்கப்பட்டது.

ஒரு வாரம் ‘ப்ளௌ’ (ஏர்), ‘பௌ’ (மரக்கிளை) ஆகிய சொற்களைக் கற்பித்தேன். “இந்த நான்கு எழுத்தும் வந்தால் ஔ என்று வாசிக்க வேண்டும்” என்று விதியும் சொன்னேன். மறுவாரம் வாசிப்புப் பகுதியில், தாத்தாவுக்குக் கடுமையான இருமல் என்று பொருள்படும் ஒரு வாக்கியம் வந்தது. ‘காஃப்’ என்று வாசிக்க வேண்டிய இடத்தில் அம்மாணவன் உரத்த குரலில் ‘கௌ’ என்று வாசித்தான். தாத்தாவிடம் ஒரு பொல்லாத பசு இருக்கிறது என்று பொருள் மாறிவிட்டது!

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அவன் புத்தகத்தை மூடிவிட்டு அமர்ந்தான். அதன்பின் பல வாரங்கள் அவன் ஆங்கிலத்தில் ஒரு சொல்லையும் உரக்க வாசிக்கவில்லை.

ஒரு நாள் அவனுடைய தாயார் தொழிற்சாலைச் சீருடையோடு பள்ளிக்கு வந்தார். “டீச்சர், வீட்லயும் அவன் இங்கிலீஷ் புத்தகத்தத் தொடவே மாட்டேங்குறான். தமிழ்ப்பள்ளியில படிச்சா இங்கிலீஷ் வராதுன்னு சொல்லி, அடுத்த வருசம் வேற ஸ்கூலுக்கு மாத்திடலாம்ங்குறாரு அவுங்க அப்பா” என்றார்.

அன்றிரவு அந்தப் பாடநூலை மீண்டும் புரட்டினேன். அப்போதுதான் உறைத்தது. அவன் செய்தது பிழையே அன்று. நான் கொடுத்த விதியை அவன் ஒழுங்காகப் பின்பற்றியிருந்தான். பிழை என் விதியில் இருந்தது. அந்நான்கு எழுத்துகள் படுத்தும் பாட்டைப் பாருங்கள்:

1. ‘அஃப்’ என முடிபவை: டஃப் – கடினமான, ரஃப் – கரடுமுரடான, இனஃப் – போதுமான.
2. ‘ஆஃப்’ என முடிவது: காஃப் – இருமல்.
3. ‘ஔ’ என ஒலிப்பவை: ப்ளௌ – ஏர், பௌ – மரக்கிளை, ட்ரௌட் – வறட்சி.
4. ‘ஓ’ என முடிபவை: தோ – ஆயினும், டோ – பிசைந்த மாவு.
5. ‘ஊ’ என முடிவது: த்ரூ – ஊடாக.
6. ‘ஆட்’ என முடிபவை: தாட் – எண்ணம், பாட் – வாங்கினான், ஃபாட் – சண்டையிட்டான்.
7. ‘அ’ போல முடிவது: தரா – முழுமையான.

ஒரே எழுத்துக்கூட்டத்துக்கு ஏழு ஒலிகள்! ஒன்பது வயதுக் குழந்தை என்ன செய்யும்? அதிலும் நம் பிள்ளைகள் கற்கும் மலாய்மொழி பெரும்பாலும் எழுதியபடியே ஒலிப்பது. அதன் எழுத்துக்கூட்டலை மலேசியாவும் இந்தோனேசியாவும் 1972இல்தான் சீர்செய்து ஒருமுகப்படுத்தின. ஆங்கிலத்துக்கு அத்தகைய முழுமையான சீரமைப்பு வாய்க்கவில்லை.

ஏன் இப்படி? ஜி, எச் என்னும் இரண்டு எழுத்துகளும் முற்காலத்தில் ஊமையாய் இருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் தொண்டையில் உரசி எழும் ஓர் ஒலி இருந்தது. ‘அஃது’ என்பதை அழுத்திச் சொல்லும்போது எழும் ஒலிக்கு அது சற்று நெருக்கமானது. ‘நைட்’ (இரவு) என்ற சொல்லிலும் அது ஒலித்தது. ஜெர்மானிய மொழியில் இரவைக் குறிக்கும் ‘நாஃக்ட்’ என்ற சொல்லில் இன்றும் அவ்வொலியைக் கேட்கலாம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், பிரெஞ்சு வழக்கில் பயின்ற எழுத்தர்கள் அவ்வொலியை ஜி, எச் என எழுதலாயினர். 1476இல் காக்ஸ்டன் என்பார் இலண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அதன்பின் அச்சு எழுத்துக்கூட்டலை மெல்ல மெல்ல நிலைநிறுத்தியது. மக்களின் நாவோ மாறிக்கொண்டே இருந்தது. தொண்டை ஒலி சில சொற்களில் மறைந்தது. சில சொற்களில் ‘ஃப்’ ஆனது. எழுத்து மட்டும் பழைய சட்டையைக் கழற்றாமல் நின்றுவிட்டது.

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் சொன்னேன்: “அன்று இவன் வாசித்தது நான் கற்பித்தபடிதான். தவறு டீச்சருடையது. சிரித்ததும் தவறு.” பிறகு மேற்கண்ட கதையைக் குழந்தைகளுக்குப் புரியும்படி சொன்னேன். அவன் தலைநிமிர்ந்து பார்த்தான். “அப்ப அந்த எழுத்தெல்லாம் முன்ன சத்தம் போட்டுச்சா டீச்சர்?” என்று கேட்டான். பல வாரங்களுக்குப்பின் ஆங்கிலப் பாடத்தில் நான் கேட்ட அவனது முதல் குரல் அது.

அத்தோடு முடியவில்லை. பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். “நம்ம தமிழ்லயும் அப்படித்தானே டீச்சர்? பறவைக்குப் பெரிய ‘ற’ போடச் சொல்றீங்க. ஆனா சொல்றப்ப சின்ன ‘ர’ மாதிரிதானே கேக்குது?”

நான் திகைத்து நின்றேன். சொல்வதெழுதுதலில் ‘பரவை’ என்று எழுதிய எத்தனை பிள்ளைகளுக்குச் சிவப்பு மையால் கோடிட்டிருப்பேன்! பரவை என்றால் கடல் என்று சொல்லிக் கடிந்திருக்கிறேனே தவிர, ஏன் இரண்டு எழுத்துகள் என்று ஒருநாளும் விளக்கியதில்லை. ரகரமும் றகரமும் வெவ்வேறாகப் பிறப்பதைத் தொல்காப்பியம் பிறப்பியலில் கூறுகிறது. மலையாளத்தார் நாவில் இன்றும் அவை தனித்தனியே ஒலிக்கின்றன. நம்முள் பெரும்பாலோர் நாவில் அவ்வேறுபாடு தேய்ந்துவிட்டது. எழுத்தில் மட்டும் நிலைத்திருக்கிறது. ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் நம் வீட்டுக் கண்ணாடியையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

அதன்பின் என் கற்பித்தலை மாற்றிக்கொண்டேன். ஒரே எழுத்துடைய சொற்களை ஒன்றாகக் கொட்டாமல், ஒரே ஒலியுடைய சொற்களை மட்டும் வாரத்திற்கு ஒரு தொகுதியாகக் கொடுத்தேன். தனிச்சொல்லாக அன்றிச் சொற்றொடராகவும் கொடுத்தேன். ‘இனஃப் இஸ் இனஃப்’ என்றால் பொறுத்தது போதும். ‘ஃபுட் ஃபார் தாட்’ என்றால் சிந்தனைக்கு விருந்து. ‘த்ரூ திக் அண்ட் தின்’ என்றால் இன்பத்திலும் துன்பத்திலும். ‘காஃப் அப்’ என்றால் இருமுவது மட்டுமன்று, மனமில்லாமல் பணத்தை எடுத்துக் கொடுப்பதும்தான். இதைக் கேட்டதும் பிள்ளைகள் மீண்டும் சிரித்தார்கள். இம்முறை அவனும் சேர்ந்து சிரித்தான்.

தாயாரிடமும் நடந்ததை மறைக்காமல் கூறினேன். “புள்ள தப்பு பண்ணலன்னு சொல்றீங்களே, அது போதும் டீச்சர்” என்றார். அவன் பள்ளி மாறவில்லை. யூபிஎஸ்ஆர் தேர்வில் (2021இல் நீக்கப்பட்டுவிட்ட அதே தேர்வுதான்) ஆங்கிலத்தில் ‘சி’ தான் பெற்றான். நான் மிகைப்படுத்தி எழுத விரும்பவில்லை. ஆனால், ஆறாம் ஆண்டு முடியும்வரை வாசிக்க முதலில் உயர்ந்த கைகளில் அவன் கையும் ஒன்று.

பெற்றோர்களே, பிள்ளை ஒரு சொல்லைத் தவறாக வாசித்தால், உடனே திருத்துவதற்குமுன் “ஏன் அப்படி வாசித்தாய்?” என்று ஒருமுறை கேளுங்கள். பெரும்பாலும் அவர்களிடம் ஒரு காரணம் இருக்கும். ஆசிரியர்களே, அந்தக் காரணம் சில வேளைகளில் நாம் சொல்லிக் கொடுத்த விதியாகவே இருக்கும். ஒலிக்காத எழுத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒலிக்காமல் அமர்ந்திருக்கும் மாணவனுக்கும் அப்படித்தான்.