திரைக்கு அடியில் தெரியும் கால்கள்

காஞ்சிபுரத்துக்கும் செய்யாறுக்கும் நடுவே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாய்களைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்துவிட்டு நின்றார்கள். கூத்து வாத்தியார் சலங்கை கொண்டுவரவில்லை. கையில் ஒரு ஜோடி தாளமும் பழைய வேட்டி ஒன்றும்தான்.

"தண்ணி ரொம்பின குடம் இடுப்புல இருக்குது. நட, பாக்கலாம்."

பலரும் நெற்றியைத் துடைத்து, மூச்சு வாங்கிக் காட்டினார்கள். "மூஞ்சிய வுடு கண்ணு. குடம் எந்தப் பக்கம் இருக்குது? அப்ப ஒடம்பு எந்தப் பக்கம் சாயும்?" ஒரு சிறுமி நின்று யோசித்தாள். இடப்பக்கம் இடுப்பைத் தள்ளி, உடம்பை வலப்பக்கம் சாய்த்து, வலது கையை அகல விரித்தாள். எங்கள் கண்ணுக்குக் குடம் தெரிந்துவிட்டது. "மழை வருது, ஓடு. சிந்தக் கூடாது" என்று வாத்தியார் தாளத்தை விரைவாக்கினார். அதே கனம், வேறு வேகம். அவள் ஓட்டத்தில் பாதங்கள் தரையை விட்டு எழவே இல்லை.

ஆண்டு விழாவுக்குச் சினிமாப் பாட்டைப் போட்டு, மேடைக்குக் கீழே நின்று டீச்சர் ஆட, அதைப் பார்த்துப் பிள்ளைகள் ஆடுவதை எத்தனையோ பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். அதில் குழந்தைக்குத் தன் உடம்பின்மீது கவனமே போவதில்லை. ருடால்ஃப் லாபான் இங்கிலாந்தில் 1948-இல் வெளியிட்ட 'மாடர்ன் எஜுகேஷனல் டான்ஸ்' நூலின் அக்கறையும் இதுதான். வகுத்துவைத்த அடிகளைச் சிறு பிள்ளைகள்மேல் சுமத்தாமல், கனம், காலம், வெளி, ஓட்டம் ஆகியவற்றை அவர்கள் உடம்பாலேயே அறியவிட வேண்டும் என்றார் அவர். குடத்தை வைத்து வாத்தியார் செய்ததும் அதையேதான். அவர் லாபானைப் படித்தவரில்லை; சிறு வயதில் ஜமா எனும் கூத்துக் குழுவோடு ஊர் ஊராகப் போய்க் கற்றவர்.

பிறகு வேட்டியை விரித்தார். கூத்தில் கிரீடமும் மரக்கட்டை அணிகளும் பூண்ட கட்டை வேஷம், களரி எனும் ஆடுகளத்துக்கு வரும்போது இருவர் திரை பிடிப்பார்கள். வேஷக்காரர் அதன் பின்னே நின்று பாடுவார், ஆடுவார். திரை விலகும்வரை ஜனங்களுக்குத் திரைக்கு அடியில் கால்கள் தெரியும். அந்தத் திரையைக் கூச்சமுள்ள பிள்ளைக்காக இவர் பயன்படுத்துகிறார். ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டு நின்ற பையனை அழைத்து, "நீ ஆட வேணாம்டா, இந்த முனையப் புடி" என்றார். திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராக ஏதோ ஒரு விலங்காக நடந்தார்கள். முன்னால் உட்கார்ந்தவர்கள் காலை மட்டும் பார்த்து யானை, கோழி, ஓணான் என்று கத்தினார்கள். சற்று நேரத்தில் திரை பிடித்தவனின் குதிகாலும் தாளத்துக்கு எழும்பத் தொடங்கியது. வாத்தியார் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. "பாத்துட்டோம்னு தெரிஞ்சா நிறுத்திடுவான் சார்" என்று பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். இந்த வேலையின் நுணுக்கம் அந்தப் பேசாமையில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கிரீடமும் புஜக்கட்டையும் இந்த வயதுக்கு ஆகாது. கிறுக்கி எனும் சுழலாட்டமும் பிறகுதான். முழுக் கூத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த இடம் வேறு. காஞ்சிபுரத்தில் 1990-இல் பெ. ராஜகோபால் முதலானோர் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், 2002 முதல் 2020 வரை குருகுலம் நடத்தி, பள்ளிப் படிப்போடு ஆட்டமும் பாட்டும் சொல்லிக்கொடுத்தது. ஆண்களே ஆடிவந்த கலையில் பெண் பிள்ளைகள் கட்டை கட்டியது அங்கே நடந்த பெரிய மாற்றம்.

அரசுத் தொடக்கப்பள்ளியின் கதை வேறு. 2012-இல் ஓவியம், உடற்கல்வி போன்றவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தபோதும் அது ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கே. உடம்பு எதையும் தயங்காமல் செய்து பார்க்கும் ஐந்து, ஆறு வயதில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இந்த வாத்தியாருக்கும் பஸ் செலவைத் தலைமையாசிரியைதான் தன் கையிலிருந்து கொடுக்கிறார். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் மூன்றாம் வகுப்பு வரை ஆடலையும் பாடலையும் பாடத்துக்குள் கொண்டுவந்தது நல்ல காரியம். அதோடு, பக்கத்து ஊர்க் கூத்துக் கலைஞருக்கு மாதத்தில் சில வகுப்புகளும் அதற்கான ஊதியமும் தருவது பெரிய செலவாகாது. பங்குனி பிறந்துவிட்டால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்துக்கு வாத்தியார் போய்விடுவார். அந்த மாதங்களில் வகுப்பை நடத்துவதற்காக, வகுப்பு டீச்சர் இப்போதே அவரிடம் தாளம் போடக் கற்றுக்கொண்டிருக்கிறார்.