கெண்டைக்கால் முடிச்சு

விளையாட்டு மசாஜுக்கு நெருங்கிய சொந்தம் சித்த மருத்துவத்தின் தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று அதில் ஒன்பது வகை உண்டு. வடலூர்ப் பக்கம் கபடி ஆடுகிறவரின் கெண்டைக்காலை விளையாட்டு மசாஜில் தடவினால் சில சமயம் பட்டாணி அளவில் ஒரு முடிச்சு தட்டுப்படும். கட்டைவிரலால் அரை நிமிடம், ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் வலி மெல்ல அடங்கி தசை இளகும். நரம்புத்தசை சிகிச்சை என்ற மசாஜ் முறையின் முக்கியமான கைவேலை இதுதான். இந்த முடிச்சுகளை உடல் முழுக்க வரைபடமாக்கியது மருத்துவர்கள் ஜேனட் டிராவெல், டேவிட் சைமன்ஸ் இருவரின் நூல்; அதன் முதல் தொகுதி 1983இல் வந்தது.

மசாஜ் லாக்டிக் அமிலத்தை வெளியேற்றும் என்பது தவறு. ஆட்டம் முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அது தானாகவே குறைந்துவிடும். மறுநாள் உடல்வலி தணிவதும் மூட்டு சற்றுத் தாராளமாக அசைவதுமே உண்மையான பயன். அதுவே பெரிய உதவி. அடிபட்டு வீங்கிய இடத்தை மட்டும் முதல் இரண்டு மூன்று நாள் யாரும் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம்.