எருமைக் கயிற்றில் ஒரு செடிப் பலகை

போன மாசம் கடைசி எருமையையும் கொடுத்துவிட்டோம். குத்தவைத்துப் பால் கறக்க அம்மாவின் முழங்கால் இடம் தரவில்லை. கீழே உட்காரவே கூடாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். வாங்க வந்தவர் புதுக்கயிறு கொண்டுவந்து கட்டி ஓட்டிப் போனார். மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை எங்கள் பக்கம். பழைய கயிறு கட்டுத்தறி மேலே ஆணியில் தொங்கியது.

அதற்கப்புறமும் அம்மா நாலரை மணிக்கே எழுந்து கொட்டகை வரைக்கும் போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வரும். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி படுத்திருப்பேன். என்ன சொல்வது?

கொல்லையில் அம்மா வைத்த புதினாவைக் கோழி கிளறிப் போட்டுவிட்டது. குனிந்து மறுபடி நட முடியாமல், அதையும் விட்டுவிட்டது. அப்போதுதான் செடியை மேலே தூக்கிவிடலாமே என்று தோன்றியது. அந்தக் காலத்தில் பூனைக்குப் பயந்து தயிரை உறியில் வைத்தோமே, அந்த மாதிரி.

கடைக்குப் போகவே இல்லை. கொட்டகையில் தீனித் தொட்டிக்கு அடித்திருந்த வேப்பம்பலகையில், உளுக்காத இரண்டு துண்டு கிடைத்தது. மூன்றடி நீளம், எட்டு அங்குல அகலம். நாலு மூலையிலும் ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளித் துளை போட்டேன். ரொம்ப ஓரத்தில் போட்டால் பலகை பிளந்துவிடும். தேங்காய்நார்க் கயிறு தேடிக்கொண்டிருந்தபோது அம்மாவே சொன்னது:

"நார்க்கவுறு தண்ணி பட்டா இத்துப் போயிரும் சாமி. எருமைக் கவுறு சும்மாதான தொங்குது, அத எடு."

நைலான் கயிறுதான். கன்று போட்ட நாளிலிருந்து மாற்றி மாற்றிக் கட்டியதில் நாலைந்து சேர்ந்திருந்தது. வெட்டிய முனையை நெருப்பில் காட்டி உருக்கிவிட்டேன், பிரியாது. ஒவ்வொரு பலகைக்கும் அடியில் முடிச்சுப் போட்டால் பலகை அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். தாழ்வார இரும்புப் பைப்பில் கயிறு உராயும் இடத்தில், மிச்சம் கிடந்த 16 மில்லிமீட்டர் சொட்டுநீர் ட்யூபைக் கீறி மாட்டினேன்.

தொட்டிக்கு ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைப் பாதியாக அறுத்து, அடியில் துளை. செம்மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, கழுவிய தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு. வெறும் மண் போட்டால் தண்ணீர் ஊற்றியதும் பாரம் தாங்காது. நனைந்த தொட்டி மூன்று கிலோ வந்தது. ஆறு தொட்டிக்குப் பதினெட்டு கிலோ. முதலில் 25 கிலோ மண்மூட்டையை ஒரு ராத்திரி வைத்துப் பார்த்த பிறகுதான் செடி வைத்தேன். அபார்ட்மென்ட் பால்கனியில் செய்கிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். எரு மட்டும் அந்த எருமை போட்டதுதான். குப்பைக்குழியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

பெருமையாக அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்படியே ஒரு ஏணியும் செஞ்சு குடுத்துரு" என்றது. என் உயரத்துக்குக் கட்டியிருக்கிறேன்! எல்லா முடிச்சையும் அவிழ்த்து, அம்மாவை நிற்கவைத்து, கீழ்ப்பலகை இடுப்புக்கும் மேல்பலகை நெஞ்சுக்கும் வரும்படி மறுபடி கட்டினேன். யார் கைக்கோ அளவெடுக்க வேண்டியதை நான் என் கைக்கு எடுத்திருந்தேன்.

இப்போது புதினா, கற்பூரவள்ளி, துளசி, கொத்தமல்லி இருக்கிறது. நாலரை மணிக்கு எழுந்தால் அம்மா நேராகத் தாழ்வாரத்துக்குத்தான் போகிறது. சொம்புச் சத்தம் கேட்கிறது.

போன வாரம் பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரியிடம், "அம்மிணி, பொழுது எறங்கறப்ப மறக்காம தண்ணி காட்டீரு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியது.

அவள் ஒரு நிமிஷம் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம்தான் புரிந்து, சொம்பை எடுத்தாள்.