துப்பாக்கியின் ஆயுளும் தோட்டாவின் ஆயுளும்

கலகெதரவில் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் நீண்ட குழல் கொண்டதுதான். மரவள்ளியைக் கிளறும் காட்டுப்பன்றிக்காக அனுமதிப்பத்திரம் பெற்று வைத்திருப்பார்கள். ரிவோல்வர் எனப்படும் சுழல் துப்பாக்கி அபூர்வம். தோட்டத்துரைமார் விட்டுச் சென்றது இன்னார் வீட்டு அலுமாரியில் கிடக்கிறது என்ற கதை மட்டும் அவ்வப்போது காதில் விழும். அதைத் தொடர்ந்து, எந்தக் கம்பனித் துப்பாக்கி நீடித்து உழைக்கும், எதற்கு விலை அதிகம் என்ற கேள்வியும் வரும். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை எங்கள் பகுதியில் இன்னும் ஒழியவில்லை.

நீதிமன்றச் செய்தி சேகரித்த ஆண்டுகளில், சான்றுப் பொருளாக மேசைமேல் வைக்கப்பட்டவற்றைக் கண்டதும், பின்னர் வாசித்தறிந்ததுமே என் அறிவு.

இங்கிலாந்தின் வெப்ளி, ஆங்கிலேய ஆட்சி நடந்த நாடெங்கும் பரவியது. 1915இல் வந்த அதன் ஆறாம் மாதிரி ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையுடையது. முதலாம் உலகப்போரின் சேற்றைத் தாங்கியது. நடுவில் மடிந்து திறக்கும்போது வெற்றுக் கோதுகள் ஒருசேர வெளியே விழும். வசதிதான், ஆயினும் மடியும் இடமே அதன் பலவீனமும். அமெரிக்காவின் ஸ்மித் அன்ட் வெஸன் 1899இல் கொண்டுவந்த பொலிஸ் ரகத்தின் சட்டம் மடியாத ஒரே துண்டு. உருளை மட்டும் பக்கவாட்டில் வெளிவரும். அறுபது இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டமையால் அதற்குப் பெரிய விலை இல்லை. கோல்ட் கம்பனியின் பைதன் 1955இல் வந்தது. கையால் இழைத்துப் பொருத்திய நேர்த்தி அதன் மதிப்பு. தேய்ந்தால் திருத்துவதற்குத் தேர்ந்த கைவினைஞர் வேண்டும். 2005இல் உற்பத்தி நின்றபின் விலை மேலும் ஏறிற்று. 2020இல் மீண்டும் செய்யத் தொடங்கினார்கள். என்னைக் கேட்டால், உழைப்பில் 1985இல் வந்த தடித்த உடலுள்ள ரூகருக்கே முதலிடம் தருவேன். அழகு என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த ஒப்பீடு முழுவதும் இரும்பைப் பற்றியது. இரும்பு நூறாண்டு நிற்கும்; தோட்டா அப்படியன்று. எங்கள் மழையில், ஈரத்தை உறிஞ்சிய தோலுறையில் செருகி வைத்த பித்தளைக் கோது பச்சை பூத்துவிடும். உள்ளிருக்கும் மருந்தும் வலுவிழக்கும். பொருத்தமான தோட்டா கிடைக்காத இடத்தில் எந்தத் துப்பாக்கிக்கும் மதிப்பில்லை. அமெரிக்காவுக்குச் சென்ற பழைய வெப்ளிகள் பலவற்றின் உருளையைச் சீவி, அங்கே தாராளமாகக் கிடைத்த .45 தோட்டாவுக்கு ஏற்றவாறு மாற்றினார்கள். அதன் அழுத்தமோ வெப்ளியின் அளவுக்கு மேற்பட்டது. போரில் கெடாதவை இப்படிக் கெட்டன.

நம்மவர்க்குத் தெரிந்த சான்று எம்.ஜி.ஆருடையது. நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பதால் கண்டிப் பகுதியார் அவரைச் சற்று உரிமையோடு பேசுவர். 1967 ஜனவரி 12ஆம் திகதி சென்னை இராமாவரத்தில் அவரது வீட்டுக்கு வந்த எம்.ஆர்.ராதா அவரைச் சுட்டார், தம்மையும் சுட்டுக்கொண்டார். அவ்வளவு அருகில் சுட்டும் இருவரும் பிழைத்தனர். நெடுங்காலம் கிடந்த பழைய தோட்டாக்கள் வலுவிழந்திருந்தன என்ற விளக்கம் சொல்லப்பட்டு வருகிறது. எனினும் எம்.ஜி.ஆரின் குரல் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. 1959 செப்டெம்பர் 25இல் கொழும்பு ரொஸ்மீட் பிளேஸ் இல்லத்தில், பார்க்க வந்தவரின் சுழல் துப்பாக்கிக்கு இலக்கான பிரதமர் பண்டாரநாயக்கவோ மறுநாள் இறந்தார்.

பழைய தோட்டா வெடிக்காது என்று எண்ணுவதும் ஆபத்து. சில வேளை விசையை இழுத்த கணத்தில் வெடிக்காமல் சற்றுத் தாமதித்து வெடிக்கும். அதற்குள் குழலுக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. சட்டமும் இருக்கிறது. இங்கு துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரம் ஆளுக்குரியது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. தந்தையின் அலுமாரியோடு பிள்ளைக்குச் சேர்வதில்லை. ஆகவே அலுமாரிக் கதை உண்மையாயின், எந்தக் கம்பனி என்று ஆராய வேண்டாம், விசையை இழுத்துப் பார்க்கவும் வேண்டாம். கலகெதரவிலேயே பொலிஸ் நிலையம் உண்டு, அங்கே அறிவியுங்கள்.