நேர்நிற்கும் தமர்

வானொலி முதல் கைப்பேசி வரை எல்லா மின்னணுக் கருவிகளின் உள்ளும் மின்சுற்றுப் பலகை இருக்கும். அதிலுள்ள துளைகளை ஆலைகளில் கணினி இயக்கும் எந்திரங்கள் இடுகின்றன. வீட்டில் பலகை செய்வோர் அவற்றைத் தம் கையாலேயே இட வேண்டும். அவ்வேலை எத்துணை நுட்பமானது என்பதைத் தில்லியில் என் மாணவன் ஒருவனால் அறிந்தேன்.

பதினோராம் வகுப்பில் பயிலும் அவனுடைய பாட்டிக்குச் செவிப்புலன் குன்றிவிட்டது. பகலில் தனித்திருக்கும் அவர், வாயில் மணி ஒலித்தாலும் அறியார். மணியை அழுத்தியதும் அறையில் விளக்கு மின்னும் கருவி ஒன்றை அவருக்காகச் செய்ய அவன் முனைந்தான். செப்புத் தகடு ஒட்டிய கண்ணாடி இழைப் பலகையில் சுற்றை வரைந்தான். வேண்டாத செப்பைப் பெர்ரிக் குளோரைடு கரைசலில் அரித்து நீக்கினான். எஞ்சியது 60 துளைகள் இடும் வேலை.

மின்தடை போன்ற சிறு உறுப்புகளின் கால்களுக்கு 0.8 மி.மீ. துளை போதும். எஃகுத் துளையூசி கண்ணாடி இழையில் விரைவில் மழுங்கிவிடும். கார்பைடு ஊசி எளிதில் மழுங்காது. ஆனால், சற்றே சாய்ந்தாலும் முறிந்துவிடும். செங்கோட்டைக்கு எதிரே லஜபத்ராய் சந்தையில் அவன் வாங்கியவை மூன்று ஊசிகள். சிறு மோட்டாரைக் கையில் பிடித்துத் துளையிட்டபோது இரண்டு முறிந்தன. மீண்டும் வீட்டில் பணம் கேட்க அவனுக்கு மனம் வரவில்லை.

“இன்னும் வேகமான மோட்டார் வேண்டுமோ, ஐயா?” என்று கேட்டான்.

மின்னணுவியல் நான் கற்றதன்று. எனினும், துளையிடும் கருவிக்குத் தமிழில் ‘தமர்’, ‘துரப்பணம்’ என்னும் பெயர்கள் உண்டென்று கூறி, எங்கள் ஊர்த் தச்சரைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரு கையால் வில்லை இழுத்துத் துரப்பணத்தைச் சுழற்றுவார். மறு கையால் அதன் தலைப்பிடியை அழுத்திச் செங்குத்தாக நிறுத்துவார். சுழற்றுவது ஒரு வேலை. நேராக நிறுத்துவது மற்றொரு வேலை.

அவன் சற்று நேரம் சிந்தித்தான். “அப்படியானால், மோட்டாரைப் பிடிக்க என் கை வேண்டாம், ஐயா. சட்டம் ஒன்று வேண்டும்” என்றான்.

பழைய மேசை இழுப்பறையின் சறுக்குச் சட்டத்தை மரக்கட்டையில் செங்குத்தாகப் பொருத்தி, அதில் மோட்டாரைப் பிணைத்தான். மோட்டார் மேலும் கீழும் மட்டுமே நகர்ந்தது, பக்கவாட்டில் அசையவில்லை. பலகையின் அடியில் மரத்துண்டு ஒன்றை வைத்தான். கண்ணாடி இழைத் தூள் உடலுக்குத் தீங்கு தரும். ஆதலால், முகக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்துகொண்டான். மிகுந்திருந்த ஒரே ஊசி எஞ்சிய துளைகள் அனைத்தையும் இட்டு முடித்தது.

விலையுயர்ந்த கருவி இல்லையே என்று கலங்கும் மாணவர் பலர். தம்மிடமுள்ள கருவி எவ்விடத்தில் பிழைக்கிறது என்று நோக்குவோர் சிலரே. அவன் அச்சிலருள் ஒருவன் ஆனான். இப்பொழுது அவ்வீட்டு வாயிலில் யார் மணியை அழுத்தினாலும் பாட்டியே எழுந்து வந்து கதவைத் திறக்கிறார்.